பின்சீட்டு ரேடியோ நிலையம்

வண்டி கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பாட்டு கேசட்டை டேப் விழுங்கிவிட்டது. கர்ஸ்டி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேசட்டை இழுத்தாள். பழுப்பு நாடா வந்துகொண்டே இருந்தது, முடிவதாக இல்லை. பின்சீட்டில் பிள்ளைகள் மூன்றும் ஒரே குரலில் ஓலமிட்டன. தவளைப் பாட்டும் போயிற்று, ரயில் பாட்டும் போயிற்று. இன்னும் முந்நூற்று அறுபது கிலோமீட்டர் மண்ரோடு பாக்கி.

"அழாதீங்க. பாட்டு செத்துப்போச்சு. ஈமுக் கோழி எண்ணலாம். ஒரு ஈமுவுக்கு அஞ்சு மார்க்கு."

"ஈமு எங்க?" என்றான் லாக்கி. அவனுக்கு ஐந்து வயது. உலகத்தில் எதையும் அவன் நம்பி ஏற்றுக்கொண்டது கிடையாது.

"வரும்."

"எப்ப வரும்?"

"பாத்துக்கிட்டே இரு, வரும்."

"வராட்டி?"

"வராட்டி உன்னை எறக்கிவிட்டு நீ ஓடுறதப் பாத்து எண்ணிக்கிறோம். போதுமா?"

மூத்தவள் ரெனே சிரித்தாள். எட்டு வயதுக்காரி. நடுவில் பெல்ட்டுக்குள் கட்டிப்போட்ட இரண்டு வயது பிப், அக்கா சிரிக்கிறாளே என்று தானும் சிரித்தது. லாக்கி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலில் கட்டியிருந்த ஈரத்துண்டை விலக்கி வெளியே பார்த்தான். வெளியே பார்க்க என்ன இருந்தது? செம்மண், முட்செடி, வேலிக்கம்பி, மறுபடி செம்மண். அங்கே நவம்பர் கோடைக்காலம்; காலை ஏழு மணி வெயிலே கண்ணைக் கூச வைத்தது. வண்டியில் ஏசி செத்து இரண்டு கோடை ஆகிறது. ஈரத்துண்டுதான் ஏசி.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றான் லாக்கி. அன்றைக்கு அது பதினோராவது தடவை.

முன்னால் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி அவள் புருஷன் ராஸ் லாரியில் போய்க்கொண்டிருந்தான். அவன் கிளப்பும் புழுதி அடங்குவதற்காக அந்த இடைவெளி. லாரி நிறைய பம்புக் குழாய்களும் டீசல் பீப்பாய்களும், அவற்றின் மேல் அவனுடைய இரண்டு நாய்களும். ராஸ் இப்போது ஒரு மாட்டுப் பண்ணையில் ஓவர்சீயர்; அதே கம்பெனியின் டன்மோரா பண்ணையில் மானேஜர் வேலை காலியாக இருந்தது. கம்பெனிப் பெரியவர் மறுநாள் காலை சின்ன விமானத்தில் அங்கே வந்து இறங்குகிறார். ராஸ் சரி என்று கை கொடுத்தால் மார்ச் மாதம் குடும்பத்தோடு அங்கே குடியேற வேண்டும். லோடையும் இறக்கின மாதிரி இருக்கும், நீயும் பிள்ளைகளும் வீட்டைப் பார்த்த மாதிரி இருக்கும், வா என்று சொல்லியிருந்தான். வீட்டைப் பார் என்றானே தவிர உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. போனில் பெரியவரிடம் "கர்ஸ்டிக்கா? அவளுக்கு எல்லாம் சம்மதந்தான்" என்று அவன் சொன்னபோது, கர்ஸ்டி அதே சமையலறையில் பன்னிரண்டு மாட்டுக்காரர்களுக்கு ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவை அன்றைக்கு அவள் பிசைந்த பிசையலில் ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அது நடந்து மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

கம்பிப் பாலம் வந்தது. மாடு தாண்டாமல் இருக்க ரோட்டில் பதித்த கம்பிகள். அதன்மேல் வண்டி தடதடக்கும்போது காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும், தூக்காதவர் தோற்றார். இந்த ஆட்டம் நாலு நொடி. அடுத்த கம்பிப் பாலத்துக்கு இருபது நிமிஷம். நடுவில் இருக்கிற இருபது நிமிஷத்தை யார் சாப்பிடுவது?

பிஸ்கட் சாப்பிட்டது. ஓட்ஸ் பிஸ்கட் ஒரு டப்பா நிறையச் சுட்டு வந்திருந்தாள். எட்டு மணிக்கு அது தீர்ந்தது. எட்டேகாலுக்குப் பிப் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். கர்ஸ்டி வண்டியை நிறுத்தி, ஈக்களுக்கு நடுவில் நின்று, பிள்ளையைக் கழுவி, சீட்டைக் கழுவி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியைத் தீர்த்தாள். அதற்குள் லாக்கி அக்காவின் கலர்ப் பென்சில்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாகப் போட்டிருந்தான். ஏன்டா என்றால், திரும்பி வரும்போது வழி தெரிய வேண்டுமாம். ரெனே அவன் தொடையில் கிள்ளினாள். அவன் அவள் சடையைக் கடித்தான்.

"போதும்!" என்று கர்ஸ்டி கத்தினாள். "இன்னொரு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரையும் அப்பா லாரில ஏத்தி நாய்ங்களோட உக்கார வெச்சிருவேன்."

"எனக்கு நாய்ங்களோட உக்காரணும்," என்றான் லாக்கி உடனே.

மிரட்டலுக்கும் அந்தப் பயலிடம் மரியாதை கிடையாது.

அப்போதுதான் முன்சீட்டு வயர்லெஸ் பெட்டி, அந்த ரோட்டில் போகிற வண்டிகளெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பெட்டி, கரகரத்தது. எதிரே எங்கேயோ மூன்று டிரெய்லர் கோத்த மாட்டு லாரி ஓட்டி வந்த ஒருவன், டயர் வெடித்ததைப் பற்றி இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டு வந்தான். டயரின் அம்மாவையும் டயர் விற்றவனின் அம்மாவையும் சேர்த்துத்தான் சொன்னான். கர்ஸ்டி கை தானாகப் போய் குமிழைத் திருகிச் சத்தத்தை ஒடுக்கியது. அந்த வட்டாரத்தில் பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் உள்ள கைப்பழக்கம் அது. கடைசிவரை திருகினால் 'டிக்' என்று பெட்டி அணைந்துவிடும். அணைத்தால் ராஸ் கத்துவான், அவசரத்துக்கு வேண்டுமென்று. அதனால் டிக்குக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துவார்கள். சத்தம் வராது, ஆனால் பெட்டி உயிரோடுதான் இருக்கும். வருஷக்கணக்காக அப்படித் திருகித் திருகி, சத்தம் வராத பெட்டி அவள் மனசில் அணைந்த பெட்டி ஆகிவிட்டது.

"அம்மா, மைக்கக் குடேன். நாங்க ரேடியோ வெளையாடறோம்," என்றாள் ரெனே.

கர்ஸ்டி கொடுத்துவிட்டாள். பத்து நிமிஷம் நிம்மதிக்கு அவள் அந்த நேரத்தில் கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பாள். சுருள் வயர் நீண்டு பின்சீட்டுக்குப் போயிற்று.

ரெனேவுக்கு ரேடியோ புதிதில்லை. அவள் படிப்பதே ரேடியோவில்தான். தினம் காலை எட்டு மணிக்கு, அறுநூறு கிலோமீட்டர் தாண்டி உட்கார்ந்திருக்கும் டீச்சர் பேர் கூப்பிட, ஆளுக்கொரு பண்ணையிலிருந்து பிள்ளைகள் "ஆஜர், ஓவர்" சொல்வார்கள். டீச்சரின் குரல் அவளுக்கு அப்படியே வரும். பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலிக்கிறது என்று, சடையில் இருந்த பச்சை ரப்பர் வளையத்தைக் கழற்றி மைக்கின்மேல் இறுக்கிச் சுற்றினாள். பொத்தான் உள்ளே போனது, போனதுதான். பேச்சு வெளியே போகும்போது பெட்டியில் எரியும் சிவப்புப் புள்ளியை யாரும் பார்க்கவில்லை. அதன்மேல் பிப் என்றைக்கோ ஒரு பசு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

"வணக்கம். இது பின்சீட்டு ரேடியோ நிலையம். செய்திகள் வாசிப்பது லாக்கி. ஓவர்."

லாக்கி தொண்டையைக் கனைத்தான். "செய்தி. பிப் வாந்தி எடுத்தா. மஞ்சளா இருந்துச்சு. செய்தி முடிஞ்சுது. ஓவர்."

"வானிலை?"

"வெயிலு. நாளைக்கும் வெயிலு. ஓவர்."

கர்ஸ்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை நாலு மணிக்கு எழுந்ததிலிருந்து முதல் சிரிப்பு. பிப் ஒரு பாட்டுப் பாடினாள், வார்த்தை இல்லாத பாட்டு, நாலு கிலோமீட்டர் ஓடியது. லாக்கி ஒரு செத்த கங்காருவைப் பற்றி நேரடி வர்ணனை கொடுத்தான். பிறகு ரெனே மைக்கை முன்சீட்டுக்கு நடுவில் நீட்டினாள்.

"இன்னிக்கு நம்ம நிலையத்துக்கு ஒரு விருந்தாளி வந்திருக்காங்க. சமையல்காரி, டீச்சர், டிரைவர், திருமதி கர்ஸ்டி. வணக்கம். உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு எது?"

"நான் சமைக்காத சாப்பாடு எதுவா இருந்தாலும் சரி."

"உங்களுக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?"

"இப்ப யாரு தூங்குறாங்களோ அவங்கள."

"யாரும் தூங்கல, ஓவர்."

"அப்ப யாரையும் பிடிக்கல."

"அப்பாகிட்ட உங்களுக்குப் பிடிக்காதது என்ன?"

"குறட்டை. அப்புறம் அந்த 'ம்'. எதச் சொன்னாலும் 'ம்'. குழாய் ஒடஞ்சிருச்சுன்னாலும் 'ம்', புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் 'ம்'. நாய்ங்ககிட்ட மட்டும் வாக்கியம் வாக்கியமாப் பேசுவான்."

பின்சீட்டில் கைதட்டல். ரெனே அடுத்த கேள்விக்குக் காகிதத்தைப் பார்ப்பதுபோலத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"டன்மோராவுக்குப் போக உங்களுக்கு ஆசையா? ஓவர்."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. கர்ஸ்டி கியரை மாற்றினாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். அதிசயமாக மூன்று பேருமே சத்தமில்லாமல் காத்திருந்தார்கள்.

"இல்ல," என்றாள்.

"ஏன் இல்ல?"

"ஏன்னா..." சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "வியாழக்கெழம இருக்குல்ல, வாராவாரம் உங்கள ஊருக்குக் கூட்டிட்டுப் போறேனே. தொண்ணூறு கிலோமீட்டர் போயி, அந்தத் தகரக் கொட்டாய் மண்டபத்துல நீங்க வெளையாடறீங்க, நாங்க அஞ்சு பொம்பளைங்க உக்காந்து டீ குடிக்கிறோம். ஆறின டீ. நல்லாவே இருக்காது. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் இல்லேன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும், ரெனே. டன்மோராவுல வியாழக்கெழம கெடையாது. பக்கத்து வீட்டுக்கே நூத்தி அறுவது கிலோமீட்டர். வெள்ளம் வந்தா மூணு மாசம் ரோடு இருக்காது. நீ உன் ரேடியோ கிளாஸ் ஃபிரெண்டு மிட்செல்லை ரெண்டே தடவ நேர்ல பாத்திருக்கே. அங்க போனா அதுவும் போச்சு. நான் மாட்டேன்னு சொல்லல. ஏன் சொல்லல தெரியுமா? எங்கிட்ட யாருமே கேக்கல. ஒம்போது வருஷத்துல இப்பதான் ஒருத்தர் கேட்டிருக்கீங்க. அதுக்கு நன்றி, நெலையத்தாரே."

"உங்களுக்கு அழுகை வருதா? ஓவர்."

"புழுதி கண்ணுல பட்டிருச்சு."

"ஜன்னல்லதான் துண்டு கட்டியிருக்கே," என்றான் லாக்கி.

பாதி வழியில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. ஆழ்குழாயிலிருந்து வெந்நீராக வந்து ஆறுகிற தண்ணீர், பக்கத்தில் ஒரே ஒரு மரம். ராஸ் லாரியை நிழலில் போட்டு, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தகரக் குவளையில் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தான். சற்றுத் தள்ளி ஒரு மாட்டு லாரி, மூன்று டிரெய்லரோடு நின்றது. மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. கர்ஸ்டி இறங்கியதும் ராஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது புதிதில்லை என்பதால் அவளும் கவனிக்கவில்லை.

மாட்டு லாரி டிரைவர் அரைக்கால் சட்டையும் தொப்பையுமாக வந்து வண்டி ஜன்னலில் குனிந்தான்.

"யாரு பாப்பா அந்த செய்தி வாசிச்சது? நீயாடா? மஞ்சளா இருந்துச்சுன்னியே, சிரிச்சுச் சிரிச்சு லாரி ரோட்ட விட்டே எறங்கிருச்சு போ." பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு கர்ஸ்டி பக்கம் திரும்பினான். "ஏம்மா, தப்பா எடுத்துக்காத. என் பொண்டாட்டியும் இப்படித்தான் ஒருநாள் சொல்லியிருப்பா. நான்தான் கேக்காம விட்டுட்டேன். இப்ப அவ கடலோரத்துல இருக்கா, நான் லாரில இருக்கேன்."

கர்ஸ்டிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பின்சீட்டில் கிடந்த மைக்கைப் பார்த்தாள். அதன்மேல் இறுகிக் கிடந்த பச்சை வளையத்தைப் பார்த்தாள். குறட்டை, 'ம்', பைத்தியம், வியாழக்கிழமை, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வளையத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு ராஸிடம் போனாள்.

"எப்பலேர்ந்து கேட்டே?"

"வாந்தியிலேர்ந்து."

"லாரிய ஓரங்கட்டிக் கையக் காட்டியிருக்கலாம்ல? ஊரே கேட்டிருக்கு ராஸ்! இந்த ரோட்டுல போற வர்ற லாரிக்காரன் அத்தன பேரும்!"

"ஓரங்கட்டினேன். எறங்கி நின்னேன். அந்த நேரம் பாத்து நீ வியாழக்கெழமைய ஆரம்பிச்சே. நான் கையக் காட்டினா நீ நிறுத்திருவே. அதான் மறுபடி ஏறி ஓட்டிட்டேன்." அவன் டீத்தூளைக் கொட்டின வேகத்தில் பாதி நெருப்பில் விழுந்தது. "ஒம்போது வருஷமா ஒரே மெத்தையில படுத்துக்கிட்டு எங்கிட்ட சொல்லல. மாட்டு லாரிக்காரன்கிட்ட சொல்லியிருக்கே."

"நீ கேக்கல."

"இதுக்குன்னு தனியாக் கேக்கணுமா? உனக்கு வாய் இல்லியா? மூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தே, நான் வெயில்னு நெனச்சேன்."

"வெயிலா! எட்டு வயசுப் புள்ளைக்குக் கேக்கணும்னு தெரிஞ்சிருக்கு, உனக்குத் தெரியல. எனக்குச் சம்மதம்னு பெரியவர்கிட்ட யாரு சொன்னா? நானா சொன்னேன்?"

"அம்மா, லாக்கி அப்பாவோட பூட்ஸ்ல ஒண்ணுக்குப் போறான்," என்று ரெனே கத்தினாள்.

"போகட்டும்!" என்றாள் கர்ஸ்டி.

ராஸ் டீயை மண்ணில் கொட்டினான். பூட்ஸைக் கவிழ்த்து உதறினான், காலில் மாட்டினான், லாரியில் ஏறிப் போய்விட்டான். நாய்கள் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டு போயின.

அவளும் கிளம்பினாள். வெஜிமைட் தடவிய சாண்ட்விச்சை மூன்று கைகளில் திணித்தாள். இந்தத் தடவை குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள், இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது என்ற எரிச்சலில். பெட்டி வெறுமனே இரைந்துகொண்டு வந்தது. இருபது கிலோமீட்டர் போனபிறகு ராஸின் குரல் வந்தது.

"பின்சீட்டு ரேடியோவா? ஒரு நேயர் பேசறேன்."

ரெனே மைக்கைத் தாவி எடுத்தாள். "வணக்கம் நேயரே. உங்க பேரு என்ன? எங்கேர்ந்து பேசறீங்க? ஓவர்."

"ராஸ். முன்னால லாரில போறேன். உங்க விருந்தாளிகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்."

நடுவில் யாரோ ஒரு டிரைவர் சிரித்தான். இன்னொரு குரல் அவனை அதட்டியது: "வாய மூடு மாப்ளே. அவன் கேக்கட்டும்."

"கர்ஸ்டி," என்றான் ராஸ். குரல் கரகரத்தது பெட்டியாலா அவனாலா என்று தெரியவில்லை. "டன்மோராவுக்குப் போலாமா, வேண்டாமா?"

ரெனே மைக்கை முன்னால் நீட்டினாள். இத்தனை பேர் காது கொடுத்திருக்க, பன்னிரண்டு வருஷம் ஓவர்சீயராகவே இருந்துவிட்ட மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ராத்திரி தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட ஒரு வினாடி வாயெடுத்தாள். ஆனால் தனியாகப் பேசும் ராத்திரி அவர்கள் வீட்டில் வந்ததே இல்லை. பாத்திரம் இருக்கும், பிள்ளை இருக்கும், குறட்டை இருக்கும்.

"வேண்டாம், ராஸ். எனக்கு வேண்டாம்," என்று சொல்லிப் பொத்தானை விட்டாள்.

பெட்டி இரைந்தது. ஒரு கிலோமீட்டர் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. தூரத்தில் அவன் புழுதி மட்டும் எழும்பி நின்றது.

"கேட்டுச்சு," என்றான் ராஸ். "லோடு எறக்கியே ஆகணும். நாளைக்குப் பெரியவர் வந்ததும் நானே அவர் மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்லிர்றேன். கோவம் இருக்கு. ஒரு வாரம் இருக்கும். கண்டுக்காத."

கர்ஸ்டி கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷம் வரவில்லை. மைக்கைக் கொக்கியில் மாட்டப் போனவளின் கையிலிருந்து ரெனே அதைப் பிடுங்கிக்கொண்டாள். நிகழ்ச்சியை அப்படிப் பாதியில் விட அவளுக்கு மனசில்லை.

"நேயரே, போயிராதீங்க. உங்களுக்கும் ஒரு கேள்வி. உங்களுக்கு டன்மோரா போக ஆசையா? ஓவர்."

மைக்கைப் பிடுங்கக் கர்ஸ்டி கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். அவளும்தான் அந்தக் கேள்வியை அவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டாள்.

"ரொம்ப," என்றது பெட்டி. கொஞ்சம் இரைச்சல். "பன்னெண்டு வருஷமா. ரொம்ப ஆசையா இருந்துச்சு பாப்பா, மயிரு."

அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. கர்ஸ்டியின் கை பழக்கத்தில் குமிழுக்குப் போயிற்று. குமிழைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே ஓட்டினாள். பிறகு சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"மயிரு," என்றான் லாக்கி மெல்ல, ருசி பார்ப்பதுபோல.

யாரும் திட்டவில்லை. ரெனே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"மயி," என்றாள் பிப்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? தவளைப் பாட்டு மெட்டில் அந்த வார்த்தையைப் பாடினார்கள். ரயில் பாட்டு மெட்டில் பாடினார்கள். கம்பிப் பாலத்தில் காலைத் தூக்கிக்கொண்டு சொன்னார்கள், எதிரே வந்த ஈமுவுக்குச் சொன்னார்கள். கர்ஸ்டி புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, முன்னால் எழும்பும் புழுதியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். டன்மோரா போய்ச் சேரும்வரை, இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.